நெற்றியில் விழும் முடி

பிளாக் 18, நெய்வேலி
30 ஜனவரி 1983

கலியம்மா,

உன் விலாசத்தை உன் அம்மாவிடம் வாங்கினேன். பத்தாவது முடித்துப் பிரிந்த பிறகு ஒரு வரிகூட எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். சுற்றி வளைக்கவில்லை. உன் போட்டோதான் காரணம்.

போன வாரம் உன் அம்மா எங்கள் வீட்டில் பாத்திரம் விளக்கி முடித்துவிட்டு, முந்தானையில் முடிந்து வைத்திருந்த கவரை எடுத்துக் காட்டினாள். என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "ஏன் வீரம்மா, உம்புள்ளைக்கு டைபாய்டு கீது வந்துச்சா? முடியெல்லாம் இப்படிக் கொட்டிக் கெடக்குது" என்றாள். உன் அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. "கொட்டுலம்மா. வேணும்னே வெட்டிகினு இருக்குது. மெட்ராசுல பெரிய வூட்டுப் பொண்ணுங்கல்லாம் இப்டித்தான் வெட்டிகினு போவுதாம்" என்றாள். நானும் அம்மாவோடு சேர்ந்து சிரித்தேன்.

பிறகு அந்தப் போட்டோவை உள்ளே எடுத்துப் போய்க் கண்ணாடிக்கு முன்னால் வைத்துப் பார்த்தேன். கன்னத்தருகே ஒரு அடுக்கு, கழுத்தருகே ஒரு அடுக்கு, தோளில் ஒரு அடுக்கு. புருவத்தைத் தொட்டுக்கொண்டு நெற்றியில் கலைந்து விழும் முடி. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. உன்னை இப்படி நான் நினைத்ததே இல்லை.

எனக்கு ஒரு நேர்முகம் வந்திருக்கிறது. சென்னையில் புதிதாகத் திறக்கப்போகும் ஒரு பெரிய ஹோட்டலில் வரவேற்பாளர் வேலை. மார்ச் 14, திங்கட்கிழமை. பி.ஏ. முடித்து ஒன்றரை வருஷமாக வீட்டில் இருக்கிறேன். அப்பா, "போயிட்டு வா, கெடைக்கவா போகுது" என்கிறார். கிடைக்காவிட்டால் வைகாசியில் கல்யாணம். மாப்பிள்ளை கருணாகரன், எங்கள் பெருந்துறைப் பக்கம்தான். சுரங்கத்தில் போர்மேன், பிளாக் 21-இல் குவார்ட்டர்ஸ். பிளாக் 18-இல் பிறந்து பிளாக் 21-இல் சாக வேண்டும். நடுவில் மூன்று வேளை ஷிப்ட் சங்கு.

பின்னலைப் போட்டுக்கொண்டு அந்த ஹோட்டலுக்குள் போக முடியாது. இந்த வெட்டு என் முகத்துக்குச் சரிவருமா? எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்? எழுது.

தமயந்தி


சென்னை, எழும்பூர்
5 பிப்ரவரி 1983

தமயந்தி,

பள்ளிக்கூடத்தில் உன்னை 'நீ' என்பேன். உங்கள் வீட்டுப் பின்வாசலுக்கு வந்தால் 'நீங்க' என்று சொல்ல வேண்டும். மறந்தால் என் அம்மா முதுகில் கிள்ளுவாள். கடிதத்துக்கு எது சரி என்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

டைபாய்டு இல்லை என்று உன் அம்மாவிடம் சொல். எனக்கு ஒரே ஒரு தடவைதான் முடி போனது. அது உன் அம்மாவுக்கு நன்றாகவே தெரியும். ஆறாம் வகுப்பில் உன் தலையில் பேன் வந்தது. "வீரம்மா, உம்புள்ள தலையிலிருந்துதான் எறங்கியிருக்குது" என்றார்கள். உனக்கு மருந்து தேய்த்துச் சீப்பு போட்டார்கள். வேலை போய்விடும் என்று பயந்து என் அம்மா அன்று சாயங்காலமே என்னைச் சலூனுக்கு இழுத்துப்போய் மொட்டை அடித்தாள். மறுநாள் நீ பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தாய். உன் பின்னல் இடுப்பு வரை தொங்கியது. நான் அதைப் பார்த்துக்கொண்டே ஒரு வருஷம் கணக்குப் பாடம் படித்தேன்.

இனி வேலைக்கு வருகிறேன். இந்த வெட்டுக்கு ஷாக் என்று பெயர், கரண்ட் ஷாக் இல்லை. இங்கே வருகிறவர்கள் ஸ்டெப் கட் என்று கேட்பார்கள். எல்லா முகத்துக்கும் ஒத்து வராது. வட்ட முகத்தில் நெற்றி முடி விழுந்தால் முகம் பூசணிக்காய் ஆகிவிடும். உனக்கு நீள முகம், ஏறிய நெற்றி. உன்னைப் போன்றவர்களுக்கென்றே வந்த வெட்டு. நெற்றியை மறைத்தால் உன் கண் பெரிதாகத் தெரியும். தோளுக்கு மேலே ஏற்ற வேண்டாம்; தோள்பட்டை எலும்பைத் தொடுகிற நீளம் போதும். அடுக்கு கன்ன எலும்பிலிருந்து தொடங்க வேண்டும்.

நான் இங்கே எங்கள் தெரு ராயப்பன் அண்ணனின் தங்கை மூலம் தரை கூட்டத்தான் சேர்ந்தேன். பார்லர் நடத்துவது ஒரு சீனாக்கார மேடம். ஒரு வருஷம் கீழே விழுந்த முடியை மட்டும் பார்த்தேன். எந்தத் தலையிலிருந்து எந்த நீளத்தில் விழுகிறது என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். நான்கு மாதமாக மேடம் என்னை வெட்ட விடுகிறார். பதினொரு பேருக்கு வெட்டியிருக்கிறேன்.

நேர்முகத்துக்கு முன்னால் சனிக்கிழமை வா. நானே வெட்டுகிறேன்.

கலியம்மாள்


பிளாக் 18, நெய்வேலி
11 பிப்ரவரி 1983

கலியம்மா,

உன் கடிதம் கிடைத்தது. பேன் விஷயத்தை எதற்கு இப்போது இழுக்கிறாய்? அப்போது நாம் சின்னப் பிள்ளைகள். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று யாருக்குத் தெரியும்?

சனிக்கிழமையே வர முடியாது. திங்கட்கிழமை விடியற்காலை பஸ் ஏறி, சாயங்காலமே திரும்ப வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அது ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் மேடம் வெட்டுவதாக இருந்தால் எப்படியாவது அப்பாவிடம் பேசி வந்திருப்பேன். உன்னிடம் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. உனக்குத் திறமை இல்லை என்று சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்து உன்னை வேறு இடத்தில் வைத்துப் பார்த்துப் பழகிவிட்டது.

மார்ச் முதல் வாரம் அம்மா ஒரு காதுகுத்துக்காகப் பெருந்துறை போகிறாள். அந்த நாட்களில் வெட்டிக்கொள்வேன். என் தங்கை பாப்பா வெட்டுவாள். ஒன்பதாவது படித்தாலும் தையல் வகுப்பில் அவள்தான் முதல், கத்தரிக்கோல் நன்றாகப் பிடிப்பாள். நீ படிப்படியாக எழுதி அனுப்பு. அவள் படித்துப் பார்த்து அப்படியே வெட்டுவாள். ஒரு வரிகூட விடாமல் எழுது.

உன் அம்மா மார்ச்சிலிருந்து வேலைக்கு வர மாட்டாளாம். முந்திரிக்கொட்டை உடைக்க மூன்று மாதம் காடாம்புலியூர் போகிறாளாம். அம்மாவுக்கு ஒரே கோபம். நான்தான் சமாதானம் சொன்னேன்.

தமயந்தி


சென்னை, எழும்பூர்
17 பிப்ரவரி 1983

தமயந்தி,

நீ கேட்டபடி எழுதியிருக்கிறேன். மூன்று தாள். பாப்பாவை இரண்டு தடவை வாய்விட்டுப் படிக்கச் சொல்.

தையல் கத்தரிக்கோல் வேண்டாம், முடியைக் கடிக்கும். பண்ருட்டியில் சலூன் சாமான் விற்கிற கடையில் மெல்லிய வாய் உள்ள கத்தரிக்கோல் கிடைக்கும். முதல் நாளே எண்ணெய் போகத் தலை குளித்துவிடு.

முதலில் நீளத்தைக் குறை. இறுக்கமாக ஒற்றைப் பின்னல் போட்டு, மேலேயும் கீழேயும் நூலால் கட்டி, தோளுக்கு நான்கு விரல் கீழே வெட்டச் சொல். வெட்டிய பின்னலை எறியாதே.

பிறகு தலையை நனைத்துக்கொள். குனிந்து, முடி முழுவதையும் முகத்துக்கு முன்னால் சீவி, நெற்றிக்கு மேலே நடு உச்சியில் ரப்பர் போடு. குதிரை வால் மூக்குக்கு முன்னால் தொங்க வேண்டும். அதை விரலிடுக்கில் பிடித்து, மோவாய் அளவுக்கு வெட்டு. அவிழ்த்துப் பின்னால் தள்ளினால் அடுக்கு தானாக விழுந்திருக்கும். மேல் முடி குட்டை, அடி முடி நீளம். நுனிகளை நேர்க்கோடாக விடாதே. கத்தரிக்கோலை நிமிர்த்திப் பிடித்து நுனியால் கொத்திக் கொத்தி எடுத்தால்தான் வெட்டியது தெரியாது.

நெற்றி முடிக்கு முக்கோணமாக வகிடு எடு. முக்கோணத்தின் முனை உச்சியில், இரண்டு கால்களும் புருவத்தின் வால் நேரே. மீதியைக் கிளிப் போட்டு ஒதுக்கு. முக்கோணத்து முடியை மூக்குக்கு நேரே சீவி இழுத்து, புருவ அளவில் வெட்டு. ஓரங்களைச் சாய்வாக விடு.

சுடுகாற்று மெஷின் இல்லாவிட்டால் மின்விசிறிக்குக் கீழே உட்கார். சீப்பு போடாதே. முடியைக் கைப்பிடியில் அள்ளிக் கசக்கிக் கசக்கி விடு. அடுக்கு மேலே எழும்பும். மறுநாளிலிருந்து பெரிய பல் சீப்பு மட்டும்.

நேர்முகம் நல்லபடி நடக்கட்டும்.

கலியம்மாள்


பிளாக் 18, நெய்வேலி
20 மார்ச் 1983

அன்புள்ள கலியம்மா,

வேலை கிடைத்துவிட்டது. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன்.

ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு அம்மாள், பம்பாயிலிருந்து வந்தவராம். நான் உள்ளே நுழைந்ததும் என் தலையைத்தான் பார்த்தார். முடித்துக்கொண்டு எழும்போது, "எங்கே வெட்டிக்கொண்டீர்கள்?" என்று கேட்டார். சென்னையில் ஒரு பார்லர் என்று சொன்னேன். உன் பெயரைச் சொல்லவில்லை. அங்கே சொல்கிற மாதிரியான பெயரா அது, நீயே சொல்.

ஜூன் முதல் தேதி சேர வேண்டும். பெண்களுக்கு ஹாஸ்டல் உண்டு, கடலைப் பார்த்த மாதிரி. பட்டு மாதிரி பளபளக்கும் சீருடைச் சேலை இரண்டு. அம்மா முதலில் அழுதாள். இப்போது பக்கத்து குவார்ட்டர்ஸுக்கெல்லாம் அவளே போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

எல்லாம் உன் மூன்று தாள்தான். நீ எழுதியபடியே பாப்பா வெட்டினாள். ஒரு மயிரிழை மாறவில்லை. உன் நல்ல மனசுக்கு நன்றி.

தமயந்தி


சென்னை, எழும்பூர்
26 மார்ச் 1983

தமயந்தி,

சந்தோஷம்.

நெற்றி முடி எப்படி வந்தது என்று நீ எழுதவில்லை. புருவம் வரை நிற்கிறதா? காய்ந்த பிறகும் நிற்கிறதா? போட்டோ எடுத்திருந்தால் அனுப்பு. வேலைக்காகக் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை.

ஹாஸ்டலில் ஒரு அறைக்கு எத்தனை பேர்? நான் இங்கே ஐந்து பேரோடு இருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

கலியம்மாள்


பிளாக் 18, நெய்வேலி
1 ஏப்ரல் 1983

அன்புள்ள கலியம்மா,

அறைக்கு ஒருவர்தான்.

நெற்றி முடி புருவத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிறது. காய்ந்த பிறகு இன்னும் அழகு. உன் போட்டோவில் இருப்பதைவிட நன்றாக வந்திருக்கிறது என்று பாப்பா சொல்கிறாள். உனக்குக் கொஞ்சம் வட்ட முகம் இல்லையா, அதனால் இருக்கும்.

கருணாகரன் வீட்டாருக்கு அப்பா வேண்டாமென்று எழுதிவிட்டார். நேற்று சாயங்காலம் நான் பஜார் வரை நடந்து போனேன். ஷிப்ட் முடிந்து போகிற ஆட்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள்.

ஹோட்டலிலேயே ஒரு பெரிய பார்லர் வருகிறதாம். வெளிநாட்டிலிருந்து ஆள் கொண்டுவருகிறார்கள். தரை கூட்ட ஆள் தேவைப்படும். உனக்குச் சொல்லி வைக்கட்டுமா?

தமயந்தி


சென்னை, எழும்பூர்
9 ஏப்ரல் 1983

தமயந்தி,

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து நாளாக எனக்கு வேலை ஓடவில்லை. நேற்று ஒரு பெண்ணின் காதோரத்தைக் கீறிவிட்டேன். மேடம் என்னைக் கத்தரிக்கோலை வைத்துவிட்டு வெளியே போகச் சொன்னார்.

நீ நன்றி சொன்னதுதான் தாங்க முடியவில்லை. நான் உன்னைக் கெடுக்கத்தான் எழுதினேன்.

உன் முடி அலை முடி. அலை முடி நனைந்தால் நீளும், காய்ந்தால் சுருண்டு ஏறும். எந்தத் தலையைத் தொட்டாலும் மேடம் எங்களுக்கு முதலில் சொல்வது இதுதான். மூன்றாம் தாளில் நான் முதலில் இதை எழுதினேன்: "நெற்றி முடியை மட்டும் ஈரத்தில் வெட்டாதே. நன்றாகக் காய்ந்த பிறகு வெட்டு. ஈரத்தில் புருவ அளவுக்கு வெட்டினால், காய்ந்ததும் இரண்டு விரற்கடை மேலே போய் நிற்கும்." எழுதி முடித்துப் படித்தேன். 'வேறு இடத்தில் வைத்துப் பார்த்துப் பழகிவிட்டது' என்று நீ எழுதியிருந்ததை எடுத்து மறுபடி படித்தேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, அந்த மூன்று வரி இல்லாமல் புதிதாக எழுதி அனுப்பினேன்.

கோபத்தில் செய்தேன் என்று சொன்னால் எனக்குக் கௌரவமாக இருக்கும். கோபம் இல்லை. பொறாமை. உன் அப்பா நல்லசாமி இறங்குகிற அதே பள்ளத்தில்தான் என் அப்பா சாமிக்கண்ணுவும் இறங்குகிறார். அவர் பர்மனென்ட், இவர் பதினெட்டு வருஷமாகக் கான்ட்ராக்ட். எங்கள் தெரு இருந்த இடம் இப்போது சுரங்கத்துக்குள் இருக்கிறது. நிலம் வைத்திருந்தவனுக்கு நஷ்டஈடு, வேலை என்று போய்ப் பேச ஏதோ இருந்தது. அடுத்தவன் நிலத்தில் களையெடுத்தவனுக்குப் பேச என்ன இருக்கிறது? பத்தாவதில் உன்னைவிட நாற்பது மார்க் அதிகம் வாங்கினேன். நீ பி.ஏ. படித்தாய். இவ்வளவுக்கும் நான் உன்மேல் பொறாமைப்பட்டதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கடல் தெரிகிற அறை என்று நீ எழுதியதும்தான் எனக்கு என்னைத் தெரிந்தது.

ஈரத்தில் வெட்டியும் உன் முடி மட்டும் ஏறாமல் நின்றது. நான் கெடுக்க நினைத்துச் செய்ததுகூட உங்கள் வீட்டுக்கு நல்லதாகவே முடிகிறது. அதையாவது தெரிந்துகொள் என்றுதான் எழுதுகிறேன். நன்றியைத் திரும்ப எடுத்துக்கொள்.

தரை கூட்ட நான் வரவில்லை.

கலியம்மாள்


பிளாக் 18, நெய்வேலி
18 ஏப்ரல் 1983

கலியம்மா,

வேலை கிடைக்கவில்லை.

இதை எழுத இத்தனை நாள் ஆகியிருக்கிறது. நீ முதலில் எழுதுவாய் என்று காத்திருந்தேன்.

மார்ச் 3-ஆம் தேதி பின்கட்டில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். பாப்பா நீ எழுதியதை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்து வெட்டினாள். ஈரத்தில் கண்ணாடியில் பார்த்தபோது அழகாக இருந்தது. சத்தியமாக அப்படி இருந்தது. என்னை எனக்கே பிடித்த பத்து நிமிஷம் அது. மின்விசிறிக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். கசக்கிக் கசக்கி விட்டேன். அடுக்கெல்லாம் எழும்பிவிட்டது. நெற்றி முடியும் எழும்ப ஆரம்பித்தது. பாப்பா பயந்துபோய்க் கையால் அமுக்கிப் பிடித்தாள். விட்டால் மேலே போகிறது. நெற்றி பூராவும் திறந்து, அதற்கு மேலே பழைய மெத்தையிலிருந்து பிதுங்கிய தேங்காய் நார் மாதிரி ஒரு கற்றை. தண்ணீர் தொட்டு வைத்தேன், எண்ணெய் வைத்தேன், கிளிப் போட்டேன். பதினோரு நாளில் முடி என்ன வளர்ந்துவிடும்?

உள்ளே போய் நான்கு நிமிஷம் இருந்தேன். நடுவில் உட்கார்ந்திருந்த அம்மாள், "உடம்புக்கு ஏதாவது முடியாமல் இருந்ததா?" என்று கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமான அக்கறை. டைபாய்டு என்றேன். உன் போட்டோவைப் பார்த்து என் அம்மா சொன்னதே என் வாயில் வந்தது.

திரும்பி வந்த அன்றே உன் கடிதத்தை எடுத்தேன். நீ அழுத்தி எழுதுகிறவள். பள்ளிக்கூடத்தில் உன் நோட்டில் ஒரு பக்கம் எழுதினால் அடுத்த மூன்று பக்கத்தில் பள்ளம் விழும். மூன்றாம் தாளைச் சாய்த்துப் பிடித்தபோது, நீ எழுதியதற்குக் கீழே வேறு கோடுகள் தெரிந்தன. காசை அடியில் வைத்துப் படம் எடுப்போமே, அதுபோலப் பென்சிலைப் படுக்கவைத்து லேசாகத் தேய்த்தேன். "ஈரத்தில் வெட்டாதே" என்று வெள்ளையாக எழுந்து வந்தது.

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். உன் அம்மாவுக்கு எந்த பிளாக்கிலும் வேலை இல்லாமல் போயிருக்கும். அது எனக்குப் போதவில்லை. நீ எரிய வேண்டும் என்று நினைத்தேன். உனக்கு எது வலிக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எனக்கு அதுதான் வலிக்கிறது. வேலை, கடல், தனி அறை. கண்டதெல்லாம் எழுதினேன். எழுதும்போது நானே அங்கே இருப்பதுபோல் இருந்தது.

நீ சொந்தக் காலில் நிற்கிறாய். உன்னைப் பெண் பார்க்க யாரும் சொஜ்ஜி தின்ன வருவதில்லை. பஸ் ஏற நீ யாரையும் கேட்க வேண்டாம். உன் அம்மா அந்தப் போட்டோவைக் காட்டியபோது என் வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. உன்னிடம் தலையைக் கொடுக்க முடியாது என்று நான் எழுதியதற்கு அதுதான் காரணம். வேறு இடத்தில் வைத்துப் பார்த்தேன் என்பது பொய். நீ எனக்கு மேலே நின்று என் தலையைப் பிடிப்பதை என்னால் பொறுக்க முடியாது என்பதுதான் நிஜம்.

அம்மா காதுகுத்திலிருந்து திரும்பி வந்து, என் தலையைப் பார்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கருணாகரன் வீட்டாரை வேண்டாமென்று சொன்னதும் பொய். பழநிக்குப் பூமுடி கொடுத்ததாக அம்மா அவர்களிடம் சொல்லியிருக்கிறாள். நேர்ச்சை என்றதும் நம்பிவிட்டார்கள். மாமியார், "எத்தனை தண்டி முடி, முருகனுக்கே போச்சா" என்று வருத்தப்பட்டாராம். மே 25 முகூர்த்தம். மணவறையில் நீளச் சடை வைத்தே ஆக வேண்டுமாம். திருவதிகையிலிருந்து அம்மா ஒரு நைலான் சவுரி வாங்கி வந்தாள். வெயிலில் செம்பட்டையாக மின்னுகிறது.

வெட்டிய பின்னலை எறியாதே என்று எழுதியிருந்தாய். எறியவில்லை. நியூஸ்பேப்பரில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன். இதோடு பார்சலில் வருகிறது. அதைச் சவுரியாகக் கட்டித் தருவாயா? முன்னால் இருக்கிற இந்தக் கற்றையையும் ஏதாவது செய்ய வேண்டும். இதைக் கேட்க எனக்கு வேறு ஆள் இல்லை என்பது உனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

தமயந்தி


சென்னை, எழும்பூர்
2 மே 1983

தமயந்தி,

சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு நாள் முழுக்க இருந்தது. பிறகு இல்லை.

பார்சலைப் பிரித்துப் பின்னலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆறாம் வகுப்பில் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கையில் எடுத்தால் இவ்வளவு கனம் என்று அப்போது தெரியாது. அறையில் யாரும் இல்லாதபோது என் பின்கழுத்தில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்குப் பொருந்தவில்லை. மேடம் வெட்டிவிட்டதுதான் எனக்குப் பொருந்துகிறது. இதை எனக்கே ஆறுதலுக்குச் சொல்லிக்கொள்ளவில்லை.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீயும் கேட்காதே. உன் வேலை என்னால் போனது. அதற்கு நான் எழுதுகிற எந்த வார்த்தையும் ஈடு இல்லை. நீ கிளம்பிப் போயிருக்க வேண்டிய ஊரில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அது எனக்குத் தினமும் ஞாபகம் இருக்கும்.

சவுரி தயார். பின்ன மூன்று கால், நீளம் இடுப்புக்கு ஒரு ஜாண் கீழே. இந்தத் தடவை எந்த வரியையும் விடவில்லை. நைலானைத் தொடாதே, நுனியைச் சுருட்டிவிடும். முகூர்த்தம் வரை முன் முடியில் யாரும் கத்தரிக்கோல் வைக்கக் கூடாது, பாப்பாவும் கூடாது. இன்றிலிருந்து எண்ணெய் வேண்டாம். மே 24 மத்தியானம் நான் வருகிறேன். முன் முடியை ஈரத்தில் இழுத்து நடு வகிடுக்கு இரண்டு பக்கமும் படிய வைத்து, நெற்றிச்சுட்டிக்கு அடியில் பின் போட்டுவிடுவேன். காய்ந்த பிறகும் நிற்கிறதா என்று இருந்து பார்த்துவிட்டுத்தான் போவேன். அடுக்கை மறைக்கச் சடையைக் கழுத்துக்கு மேலேயே தொடங்க வேண்டும். அதை வேறு யாராலும் கட்ட முடியாது. நீ என் முன்னால் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

நான் பின்வாசலில் வர மாட்டேன். முன் கேட்டைத் திறந்து வைக்கச் சொல். முகம் பார்க்கிற கண்ணாடியை முன் அறையில் வை, அங்கேதான் வெளிச்சம். அன்றைக்கு என் அம்மா பாத்திரம் விளக்க வர மாட்டாள். காடாம்புலியூரிலிருந்து என்னோடு வருவாள். நான் வேலை செய்கிற வரை அவள் அந்த அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். உன் அம்மா முன்னால் உன்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவேன். இதெல்லாம் முடியாது என்றால் இப்போதே எழுது. சவுரியைத் தபாலில் அனுப்பிவிடுகிறேன், கட்டிக்கொள்ள ஆள் பார்த்துக்கொள்.

ஒன்று பாக்கி. பின்னலைப் பிரித்து, அடிமுடியை வெள்ளைத் துணியில் பரப்பிச் சீப்பு போட்டபோது ஈர் இருந்தது. ஏழோ எட்டோ. எல்லாம் காய்ந்தவை, பழையவை. இரண்டு தடவை சீவினேன், வினிகர் வைத்து ஒவ்வொன்றாக நகத்தால் உருவி எடுத்தேன். இப்போது சுத்தமாக இருக்கிறது. வெட்டுவதற்கு முன்னால் இந்த முடி உன் தலையில் இருந்தது. என்னைக் கடைசியாக நீ தொட்டு உட்கார்ந்தது பத்தாவது பரீட்சையில்.

உன் அம்மாவிடம் சொல்ல மாட்டேன். உன் தலையில் இன்னும் இருந்து, மாமியார் கண்ணில் பட்டு யாராவது கேட்டால், சடை வைக்க வந்த வீரம்மா பெண்ணின் தலையிலிருந்து இறங்கியது என்று சொல்லிவிடு. முன்பு சொன்னதுதானே. இந்த முறை நான் மொட்டை அடித்துக்கொள்ள மாட்டேன்.

கலியம்மாள்